எடை குறைய வேண்டிய முட்டை: வீட்டில் குஞ்சு பொரிக்கத் தொடங்குவோருக்கு

கடையில் வாங்கிய முட்டையை அடைக்கு வைத்தால் குஞ்சு வருமா என்பதுதான், இன்குபேட்டர் (கோழிக்குப் பதிலாக முட்டையைச் சூட்டில் வைத்து அடைகாக்கும் பெட்டி) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி. வராது. நாமக்கல் பகுதிப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக வரும் வெள்ளை முட்டைகள், சேவலையே பார்த்திராத கூண்டுக் கோழிகள் இட்டவை. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். ஆனால் அந்த முட்டையில் குஞ்சாக வளரும் கரு இராது. எனவே குஞ்சுக்கு வைக்கும் முட்டை, சேவலோடு சேர்ந்து மேயும் பெட்டைகளிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். ஒருமுறை சேவலோடு சேர்ந்த பெட்டை, விந்தணுக்களைத் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, அதன் பின் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், கருவுற்ற முட்டைகளை இட்டுக்கொண்டிருக்கும். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்துச் சேவலை நீக்கிவிட்டு அசில் என்ற வேறு இனத்துச் சேவலை விட்ட மறுநாளே எடுத்த முட்டையில் அசில் குஞ்சை எதிர்பார்ப்பவர் ஏமாறுவதற்கு இதுவே காரணம். புதுச் சேவலின் வழி வேண்டுமென்றால் மூன்று வாரம் பொறுத்திருந்து முட்டையைச் சேர்ப்பது நல்லது.

உங்கள் மந்தையின் முட்டைகள் கருவுற்றவைதானா என்று அறிய, பொரியலுக்கு உடைக்கும் இரண்டு மூன்று முட்டைகளை முதலில் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேற்பரப்பில் ஒரு வெண்புள்ளி தெரியும். அது ஒழுங்கற்ற, அடர்த்தியான சிறு புள்ளியாக இருந்தால் கருவுறாதது. நடுவே தெளிவும் சுற்றிலும் வளையமுமாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக இருந்தால் கருவுற்றது. அந்த வட்டத்தில், முட்டை கோழியின் வயிற்றிலிருந்து வெளிவரும்போதே, பல்லாயிரம் உயிரணுக்கள் பிரிந்து வளர்ந்திருக்கும். அதாவது, கருவின் வளர்ச்சி கோழியின் உடலுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் அது நின்று உறங்குகிறது. அடைகாத்தல் என்பது, அப்படி உறங்கும் கருவை மறுபடி எழுப்பி, இருபத்தொரு நாட்கள் இடையறாமல் வளரவிடுவதுதான்.

இந்த உறக்கத்துக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரு அசையாமல் கிடக்கும். அதற்கு மேலே அரைகுறையாக விழித்து, ஒழுங்கில்லாமல் வளரத் தொடங்கி, வலுவிழக்கும். சேமிப்பதற்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 18 டிகிரி என்பார்கள். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அதற்கு எங்கே போவது? குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி, கருவைப் பொறுத்தவரை மிகையான குளிர். என் அப்பாயி மண்சட்டியில் மணல் நிரப்பி, நீர் தெளித்து, மேலே துணி விரித்து முட்டைகளை அடுக்கி, வீட்டின் இருட்டு மூலையில் வைத்திருப்பார். ஈரம் ஆவியாவதால் சட்டி சில டிகிரி குளிர்ந்திருக்கும். எளிய வழிகளில் இதைவிடச் சிறந்ததை நான் இன்னும் காணவில்லை. கூரான முனை கீழே இருக்கும்படி அடுக்கி, கோடையில் மூன்று நான்கு நாட்களுக்குள்ளும், குளிர் மாதங்களில் ஒரு வாரத்துக்குள்ளும் அடைக்கு வைத்துவிட வேண்டும். அழுக்கான முட்டையைக் கழுவலாமா என்றும் கேட்பார்கள். ஓட்டின் மேல் கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று உண்டு. கழுவினால் அது போய்விடும். எச்சம் அப்பிய முட்டையைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, சுத்தமான முட்டையை அடைக்கு வைப்பதே சரி. கூரான முட்டையில் சேவலும் உருண்டையான முட்டையில் பெட்டையும் வரும் என்பது வெறும் நம்பிக்கை. குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தாயிடமிருந்து வரும் குரோமோசோம் கருவுறும் கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. முட்டையின் வடிவத்துக்கு அதில் பங்கில்லை. பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும் என்பதை, மொட்டைமாடியில் கோழி வளர்ப்பவர்கள் அண்டை வீட்டாரின் அதிகாலை உறக்கத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூடு

அடைக்கோழியின் மார்பில் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும்படி இருக்கும். அந்தத் தோலின் சூட்டைத்தான் இன்குபேட்டர் நகல் எடுக்கிறது. உள்ளே மின்விசிறி சுழலும் பெட்டியென்றால் 37.5 முதல் 37.8 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்கடுக்காக இருக்குமாதலால், வெப்பமானியின் முனையை முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அங்கே 38.5 அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். புதியவர்கள் விசிறியுள்ள பெட்டியையே நாடுவது நல்லது.

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: பெட்டியின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். மலிவான கருவிகள் ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். முட்டைக்கு அந்த ஒரு டிகிரியே மிகப் பெரியது. இதைச் சரிபார்க்க வேண்டிய கருவி நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 37, 38 டிகிரியைத் துல்லியமாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு குவளையில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, அதில் காய்ச்சல் வெப்பமானியின் முனையையும் இன்குபேட்டரின் உணர்முனையையும் ஒன்றாகக் கட்டி அமிழ்த்தி, இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துக்கொண்டால், பிறகு பெட்டியின் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ வாசிக்கலாம். வெப்பம் சற்றே மிகுந்தால் குஞ்சுகள் பத்தொன்பதாம், இருபதாம் நாளிலேயே தொப்புள் ஆறாமல் வெளிவரும். சற்றே குறைந்தால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று இழுத்துக்கொண்டு போய், வருவதும் சோர்ந்து வரும்.

தெர்மாக்கோல் பெட்டியில் தாமே செய்துகொள்பவர்கள் குண்டு பல்பு இரண்டை இணையாகப் பொருத்த வேண்டும்; ஒன்று நள்ளிரவில் பீஸ் போனாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. பல்பு தெர்மாக்கோலைத் தொடாதபடி தகரத் தடுப்பு வைப்பதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் இரவும் பகலும் எரியப்போகும் விளக்கு அது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டபிள்யூ 1209 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அணைந்து மறுபடி எரிவதற்கான இடைவெளி அதில் பெரும்பாலும் 2 டிகிரி என்று வைக்கப்பட்டு வருவதால், அதை 0.2 அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை வெயில் விழும் சன்னலோரம் வைக்கக் கூடாது.

மின்வெட்டைக் கண்டு பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். அடைக்கோழியும் நாளுக்கு ஒருமுறை எழுந்து இரை தின்னப் போகிறது. கால் மணியோ அரை மணியோ முட்டை குளிர்வதால் ஒன்றும் ஆவதில்லை. சில மணி நேரம் மின்சாரம் போனாலும் பெட்டியைத் திறக்காமல் போர்வையால் மூடிவைத்தால் பெரும்பாலான கருக்கள் தாங்கிக்கொள்ளும். பொரிக்கும் நாள் சற்றுத் தள்ளிப்போகலாம். அஞ்ச வேண்டியது மிகைச்சூட்டுக்குத்தான். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் இருந்தால், அத்தனையும் போய்விடக் கூடும்.

ஈரம்: எல்லோரும் தவறும் இடம்

சூட்டுக்கு ஒரே எண்தான். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஈரப்பதம் அப்படியல்ல. நான் முதன்முதலாக வைத்த பதினாறு முட்டைகளில் ஏழு குஞ்சுகள், இறகும் அலகும் நகமுமாக முழுதாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. வெப்பம் ஒரு நாளும் பிசகவில்லை. பெட்டியோடு வந்த குறிப்பில் இருந்தபடி இரண்டு நீர்த்தட்டுகளையும் நாள் தவறாமல் நிரப்பியிருந்தேன். அந்த ஒழுங்குதான் அவற்றைக் கொன்றது என்பது பின்னரே விளங்கியது.

கோழிமுட்டையின் ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் 7,000க்கும் மேல் இருக்கின்றன. அவற்றின் வழியே கரு மூச்சு விடுகிறது: ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பை எரித்துத்தான் கரு வளர்கிறது என்பதால், அந்த எரிப்பிலும் நீர் உண்டாகிறது. முட்டை இந்த நீரின் ஒரு பகுதியை வெளியேற்றியே தீர வேண்டும். வெளியேறும் நீர் விட்டுச்சென்ற இடத்தில், முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகும். இருபதாம் நாள் குஞ்சு முதலில் ஓட்டைக் கொத்துவதில்லை. இந்தக் காற்றறையின் சவ்வைக் குத்திக் கிழித்து, அங்கிருக்கும் காற்றைத்தான் முதல் மூச்சாக இழுக்கிறது. நீர் போதிய அளவு போகாவிட்டால் காற்றறை சிறுத்திருக்கும். குஞ்சு உப்பிப்போய்த் திரும்ப இடமின்றி மூச்சுத் திணறி இறக்கும். நீர் மிகுதியாகப் போய்விட்டால், குஞ்சு சிறுத்து, சவ்வு உலர்ந்து தோல்போல் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முதல் பதினெட்டு நாட்களுக்கு 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்று பல குறிப்புகளும் சொல்வது, இந்த இரண்டுக்கும் நடுவே செல்லும் பாதையைத்தான்.

ஆனால் அந்தச் சதவீதத்தைத் தட்டில் ஊற்றும் நீர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அறையின் காற்றும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நான் இருப்பது நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரம். ஐப்பசி மழையில் வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருக்கும். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால், சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், அதன் ஈரப்பதம் தானாகவே ஏறக்குறைய 52 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது, ஒரு சொட்டு நீர்கூட ஊற்றாமலே வேண்டிய அளவு அங்கே வந்துவிடுகிறது. அதற்கு மேல் இரண்டு தட்டு நீரை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். சேலத்துக் கோடைப் பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள்: 38 டிகிரியில் 25 சதவீத ஈரமுள்ள காற்று, பெட்டிக்குள் போனாலும் ஏறக்குறைய 25 சதவீதமாகவே இருக்கும். அங்கே இரண்டு தட்டும் வேண்டும், போதாமலும் போகலாம். ஆகவே இத்தனை மில்லி நீர் ஊற்றுங்கள் என்று யார் சொன்னாலும், எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ஈரத்தைக் கூட்டுவது நீரின் ஆழமல்ல, பரப்பு என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளலாம். குறுகிய டம்ளரில் நிறைய நீர் இருப்பதைவிட, அகன்ற தட்டில் விரல்நுனி நனையும் அளவு இருப்பது அதிக ஈரம் தரும்.

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகும் என்று சொல்லி, கூட்டில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டுவைப்பார் அப்பாயி. இடியோசைக்கு அஞ்சிக் கரு சாகும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் இடி இடிக்கும் காலம் காற்றில் ஈரம் ததும்பும் காலம்; அந்த மாதங்களில் வைத்த அடை மோசமாகப் பொரித்ததைப் பார்த்தவர்கள் பழியை இடியின் மேல் போட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியையும் நம்பிவிடக் கூடாது. அதைச் சோதிக்கச் சமையலறை உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை இட்டு, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும்வரை சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மூடிவையுங்கள். அந்த டப்பாவின் காற்று 75 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். உப்பின் இயல்பு அது. ஈரமானி 68 என்று காட்டினால், அது 7 குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

இத்தனையையும்விட நேரான வழி, முட்டையையே கேட்பதுதான். பதினெட்டாம் நாளில் முட்டை தன் தொடக்க எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழந்திருக்க வேண்டும். 45 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டை ஏறக்குறைய ஐந்தரை கிராம் இழந்து, 39.6 கிராமுக்கு வந்திருக்க வேண்டும், நாளுக்கு 0.3 கிராம். தனி முட்டையை நிறுக்கச் சமையலறைத் தராசு போதாது என்றால், எல்லா முட்டைகளையும் தட்டோடு சேர்த்து நிறுத்துவிட்டுத் தட்டின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். இருபது முட்டைகள் 900 கிராம் என்று தொடங்கினால், ஏழாம் நாள் 858 அளவிலும், பதினான்காம் நாள் 816 அளவிலும், பதினெட்டாம் நாள் 792 அளவிலும் இருக்க வேண்டும். இடையில் ஏதேனும் முட்டையை நீக்கினால், அதன் தொடக்க எடையைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஏழாம் நாள் 870க்கு மேலே நின்றால் ஈரம் அதிகம் என்று அறிந்து நீர்த்தட்டை எடுத்துவிடலாம். 845க்குக் கீழே போயிருந்தால் இன்னொரு தட்டு வைக்கலாம். கருவிகள் இரண்டும் பொய் சொன்னாலும் தராசு சொல்லிவிடும் என்பதால், இன்குபேட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல தராசுக்கு ஒதுக்குங்கள் என்றே கேட்பவர்களிடம் சொல்லி வருகிறேன்.

திருப்புதலும் ஒளியில் பார்த்தலும்

மஞ்சள் கரு கொழுப்பு மிகுந்தது, வெண்கருவைவிட இலேசானது. எனவே அது மேல்நோக்கி மிதக்கும். அதன் உச்சியில்தான் குஞ்சின் கரு இருக்கிறது. முட்டையை ஒரே நிலையில் நெடுநேரம் விட்டால், கரு மேலே ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சி கெடும். அடைக்கோழி அலகாலும் காலாலும் முட்டைகளை அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். கையால் திருப்புபவர்கள், ஓட்டின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கத்தில் சுழியும் இட்டுக்கொண்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு: இரவின் நீண்ட இடைவெளியில் ஒரு நாள் பெருக்கல் குறி மேலே இருந்தால், மறுநாள் இரவு சுழி மேலே வரும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாமல் முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். முதல் வாரத்தில் திருப்புதலைத் தவறவிடுவது பின்னால் தவறவிடுவதைவிடக் கேடு. தானே திருப்பும் பெட்டியென்றால், அது உண்மையிலேயே திருப்புகிறதா என்று நாளுக்கு ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள்.

ஏழாம் நாள் இரவில், அறையின் விளக்கை அணைத்து, ஓர் அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துளையிட்டுக் கைப்பேசியின் விளக்கின் மேல் வைத்து, முட்டையின் அகன்ற முனையை அத்துளையில் பொருத்துங்கள். ஓடு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உள்ளே, ஒரு கரும்புள்ளியிலிருந்து நாற்புறமும் கிளைவிடும் சிவந்த நரம்புகள் சிலந்திபோல் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தக் கரும்புள்ளி துள்ளும். இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிட்டிருக்கும். நாம் காணும் புள்ளி பெரும்பாலும் குஞ்சின் கண். இந்தத் துள்ளலை முதல்முறை பார்த்த இரவில் நான் முட்டையை நெடுநேரம் விளக்கிலேயே வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ளவர்கள் எல்லோரையும் எழுப்பினேன். அப்படிச் செய்யாதீர்கள்; விளக்கின் சூடும் வெளிக்குளிர்ச்சியும் முட்டைக்கு நல்லதல்ல.

நரம்பே இல்லாமல் தெளிவாகத் தெரிவது கருவுறாத முட்டை. ஓரத்தில் சிவப்பு வளையம் மட்டும் நின்றால், கரு சில நாள் வளர்ந்து இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே அழுகும் முட்டை சூட்டில் வாயு பெருகி வெடித்தால், மற்ற முட்டைகளையும் கெடுத்து, பெட்டியையும் நாட்கணக்கில் நாறவைக்கும். ஒன்றுக்கும் ஆகாதவனைக் கூமுட்டை என்று திட்டும் வழக்கத்தை உண்டாக்கியவர் இந்த நாற்றத்தை ஒருமுறையாவது முகர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். பதினான்காம் நாள் மறுபடி பார்த்தால், காற்றறையைத் தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்கும். காற்றறையின் எல்லையை அன்று பென்சிலால் வரைந்துவைப்பது, எடைக் கணக்குக்கு நல்ல துணை.

கடைசி மூன்று நாட்கள்

பதினெட்டாம் நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்திவிட்டு, முட்டைகளைப் படுக்கவைத்து, அடியில் சொரசொரப்பான துணி விரித்து, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்தி, காற்றுத் துளைகளையும் திறந்துவிட்டு, மூடியைச் சாத்த வேண்டும். இதுவரை ஈரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டு இப்போது கூட்டச் சொல்வது முரணாகத் தோன்றலாம். போக வேண்டிய நீர் போய்விட்டது. இனிக் குஞ்சு ஓட்டில் துளையிட்டவுடன் வெளிக்காற்று உள்ளே புகுந்து சவ்வை உலர்த்தும். அது நெகிழ்வாக இருந்தால்தான் குஞ்சு திரும்ப முடியும். ஈரமான பஞ்சு ஒன்றை உள்ளே வைத்தால் போதும்.

இருபதாம் நாள், முட்டையைக் காதருகே கொண்டுபோகாமலே, பெட்டிக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கும். காற்றறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கிய குஞ்சின் குரல் அது. அலகின் நுனியில் அரிசிக் குருணைபோல் ஒரு வெள்ளைப் பல் இருக்கும். பொரித்த சில நாட்களில் உதிர்ந்துவிடும் அந்தப் பல்லால் குஞ்சு ஓட்டில் ஒரு நட்சத்திர விரிசலை உண்டாக்கும். அதன் பின்தான் புதியவர்களுக்குச் சோதனை. விரிசல் விட்ட குஞ்சு, பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சோர்ந்துவிட்டதோ, செத்துக்கொண்டிருக்கிறதோ, கொஞ்சம் ஓட்டை உரித்துவிட்டால் என்ன என்று கை பரபரக்கும். அது ஓய்வெடுக்கவில்லை. ஓட்டின் உட்புறம் பரவியிருக்கும் நரம்புகளிலிருந்த இரத்தம் அந்த நேரத்தில் உடலுக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. நான் ஒருமுறை பொறுக்காமல் சவ்வைக் கிள்ளினேன். ஊசிமுனை அளவுக்குத்தான் கிழிந்தது. பொட்டாக எழுந்த இரத்தம் நிற்கவில்லை. அந்தக் குஞ்சு விடிவதற்குள் இறந்துவிட்டது.

நேரம் வந்ததும் குஞ்சு தானே மெல்லச் சுழன்று, ஓட்டை டப்பா மூடிபோல் வட்டமாக வெட்டிக்கொண்டு வரும். ஒரு சுற்று முடிந்ததும் கழுத்தையும் காலையும் உதைத்துத் தள்ளி, நனைந்த துணிப்பந்துபோல் வந்து விழும். பார்க்க அழகாக இராது. அப்படியே விட்டால், சில மணி நேரத்தில் உலர்ந்து பஞ்சாகும். முதல் குஞ்சு வந்துவிட்டதே என்று மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் ஈரம் ஒரே மூச்சில் வெளியேறி, பாதி ஓடு வெட்டிய மற்றக் குஞ்சுகள் சவ்வில் மாட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குக் குறையாமல் உணவாகும் என்பதால், முதலில் வந்தது பட்டினி கிடக்கிறதே என்று வருந்தத் தேவையில்லை. ஒரு நாள் வரை பெட்டிக்குள்ளேயே இருக்கலாம்.

உலர்ந்தவற்றை மாற்றும் பெட்டியில், குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். இங்கே வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரங்களில் ஒதுங்கி இறக்கை விரித்து மூச்சிரைத்தால் சூடு, பரவலாக மேய்ந்தால் சரி. வழுக்கும் செய்தித்தாளை விரித்தால் கால்கள் அகன்றுபோகும். கோணித் துணி நல்லது. முதலில் தண்ணீர், அதுவும் கூழாங்கல் போட்ட தாழ்ந்த தட்டில், பிறகு தீவனம். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே போட வேண்டும் என்பதால், பொரிக்கும் நாளை முன்கூட்டியே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லிவைப்பது பயன் தரும்.

பொரிக்காதவை

இருபத்துமூன்றாம் நாள் மாலையிலும் அசையாத முட்டைகளைத் தூக்கி எறிவதற்கு முன், வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே பிசகினோம் என்பது அதற்குள்தான் இருக்கிறது. முதல் வாரத்திலேயே இறந்தவை மிகுதியாக இருந்தால், முட்டையை நெடுநாள் வைத்திருந்தோமா, தொடக்கத்தில் சூடு மிகுந்ததா என்று பார்க்க வேண்டும். முழுதாக வளர்ந்த குஞ்சு ஈரம் சொட்டச் சொட்ட, சிறிய காற்றறையோடு இறந்திருந்தால் ஈரப்பதம் அதிகம். சவ்வு உலர்ந்து இறகோடு ஒட்டியிருந்தால் ஈரப்பதம் குறைவு, அல்லது கடைசி நாட்களில் மூடியைத் திறந்திருக்கிறோம். தலை கூரான முனைப் பக்கம் இருந்தால், அடுக்கும்போது முனை மாறியிருக்கலாம், அல்லது திருப்புதலில் குறை இருந்திருக்கலாம்.

சென்ற கார்த்திகையில் நான் வைத்தவை இருபது. ஏழாம் நாளில் மூன்று தெளிவாகத் தெரிந்தன. ஒன்றில் சிவப்பு வளையம் இருந்தது. மிஞ்சிய பதினாறில் பதின்மூன்று பொரித்தன. உடைத்துப் பார்த்த மூன்றில் இரண்டு ஈரமாக இருந்தன. எடைக் குறிப்பிலும் பதினெட்டாம் நாள் இழப்பு 10 சதவீதத்திலேயே நின்றிருந்தது. அந்தப் பதினெட்டு நாட்களில் பெட்டிக்குள் ஒரே ஒரு நீர்த்தட்டுதான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதையும் எடுத்துவிடப் போகிறேன்.